மந்தச் சீடன்

“குழந்தை தாராளமா உள்ள வரட்டுமுங்க. அந்தச் சீடன் மட்டும் வெளிய இருக்கட்டும்” என்று சொல்லி, பிறந்தநாள் கூடத்தின் வாசலில் சுகந்தி கையை நீட்டி மறித்தாள்.

பொற்கொடிக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் மகள் நறுமுகை தன் சீடனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையில் பரிசுப் பொட்டலத்தோடு நின்றாள். கூடத்துக்குள் அடுக்ககத்துப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். அவர்களுடைய சீடர்களும் கால்களுக்கிடையே உருண்டு விளையாடிக்கொண்டிருந்தன.

“ஏனுங்க, மத்த சீடனெல்லாம் உள்ளதானே இருக்குது?”

“அதெல்லாம் நல்லாப் படிக்கறதுங்க. உங்க புள்ளையோடது நாப்பத்திரண்டாவது ராங்க். மந்தம் ஒட்டிக்கிச்சுன்னா என்ற பையனோட வருசமே போயிரும். தப்பா நெனைக்காதீங்க.”

தப்பாக நினைக்காதீங்க என்று சொல்லிவிட்டுச் செய்கிற காரியத்தில் தப்பு இல்லாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சுகந்தி குனிந்து, நறுமுகையின் இடுப்பிலிருந்து சீடனைத் தானே எடுத்தாள். வாசலில் இருந்த செருப்பு அலமாரியில், யாரோ கழற்றிப் போட்ட ஈரச் செருப்புக்கும் ஒரு குதிகால் செருப்புக்கும் நடுவில் அதை வைத்தாள். உள்ளேயிருந்த அம்மாக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

சீடன் என்பது வெறும் பொம்மை என்றால் பொற்கொடி சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் கடந்த ஐந்து ஆண்டுகளாக ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதுவது அந்தப் பொம்மைதான். சோறு வடிக்கும் குண்டான் அளவு இருக்கும். நெற்றியில் ஒற்றைக் கண்ணாடிக் கண், குட்டையாக இரண்டு கை. வாங்கும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. பள்ளியில் படித்ததைப் பிள்ளை வீட்டுக்கு வந்து அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தன் பிள்ளையின் குரலைத் தவிர வேறு யார் குரலிலிருந்தும் அது பாடம் ஏற்காது. ஆகவே அப்பா அம்மாவின் தகிடுதத்தம் எதுவும் அதனிடம் செல்லாது. பிறருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்ததுதான் உண்மையில் படித்தது என்பது அதை உருவாக்கியவர்களின் கொள்கை. அருமையான கொள்கைதான். பள்ளிகளுக்கு அது பிடித்துப்போய், பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பதையே விட்டுவிட்டுச் சீடர்களுக்குப் பரீட்சை வைக்கத் தொடங்கின. சீடன் வாங்கும் மதிப்பெண் பிள்ளையின் மதிப்பெண்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாணவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால் நிறுவனம் சீடர்களையும் ஒரே மாதிரி செய்யவில்லை. ஒவ்வொன்றின் தலைக்குள்ளும் நகக்கண் அளவில் ஒரு கிரகிப்பு வில்லை இருக்கும். சில வில்லைகள் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்ளும். சில பத்துத் தடவை சொன்னாலும் “புரியவில்லையே” என்று கண்ணை உருட்டும். மந்தமான சீடனுக்குச் சலுகை மதிப்பெண் போட வேண்டும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

நறுமுகையின் சீடனுக்கு உருண்டை என்று பெயர். கோவை முழுக்கத் தேடினாலும் அதைவிட மந்தமான சீடன் கிடைப்பது கடினம்.

அன்று நறுமுகை கூடத்துக்குள் போகவே இல்லை. “உருண்டை இல்லாம நான் போகல” என்று செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரோ பாவப்பட்டுத் தட்டில் ஒரு கேக் துண்டை நீட்டினார்கள். அவள் அதைத் தின்னாமல், விரலால் கோடு போட்டு, மூன்றில் ஒரு பங்கு ஏன் நான்கில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று உருண்டைக்கு விளக்கத் தொடங்கினாள். நான்குதானே பெரிய எண் என்று அது வாதாடியது. அவள் செருப்புகளைப் பிரித்து வைத்துச் சொன்னாள். அப்புறம் படிக்கட்டை வைத்துச் சொன்னாள். உள்ளே பாட்டுச் சத்தம் ஓயும்வரை ஏழெட்டு விதமாகச் சொல்லியிருப்பாள். பொற்கொடியின் கண்ணில் இது எதுவும் படவில்லை. செருப்பு அலமாரியும் அதன் பக்கத்தில் குந்தியிருந்த தன் மகளும் மட்டும்தான் பட்டார்கள்.

‘இதுக்கு உன்னப் பழி வாங்காம என்ற கட்டை வேகாதுடி’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மனதுக்குள்தான் சொன்னாள் என்றாலும் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

அடுத்த வாரம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். கடைசிப் பத்து இடங்களில் இருக்கும் சீடர்கள் இனி விளையாட்டுக் கூடத்துக்கு வரக்கூடாது. கீழே, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற இடத்தில் சுகந்தியின் கையெழுத்து. மந்தம் ஒட்டுவாரொட்டி அல்ல என்று நிறுவனம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தது. யார் கேட்டார்கள்? தீட்டு என்று ஒன்றைக் கண்டுபிடிக்க நம் ஆட்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. விஞ்ஞானம் வளர வளர அதுவும் கூடவே வளரும்.

வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்த கணவன், “அவ ஒரு ஆளுன்னு... உட்டுத் தொலை பொற்கொடி” என்றான். காற்றாலைக் கம்பத்தின் உச்சியில் வேலை செய்கிறவனுக்குக் கீழே நடப்பதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும். பொற்கொடி விட்டுத் தொலைக்கவில்லை. காத்திருந்தாள்.

அவள் காத்திருந்தது சரஸ்வதி பூஜைக்காக.

பொற்கொடி வேலை பார்த்தது சரவணம்பட்டியில், சீடர்களைப் பழுது பார்க்கும் நிலையத்தில். வருடம் முழுக்க ஈயாடும். ஆனால் விஜயதசமிக்கு மறுநாள் மட்டும் வாசல் தாண்டித் தெருமுனை வரை வரிசை நிற்கும். ஏனென்றால் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தோடும் பேனாவோடும் சீடனையும் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, நேராக அதன் நெற்றியில் வைப்பார்கள். நெற்றியில்தான் அதன் கண் இருக்கிறது. பொட்டு வைக்காதீர்கள் என்று பெட்டி மேலேயே படம் போட்டு அச்சடித்திருக்கிறது. படிப்புச் சாமான் ஒன்று பொட்டு இல்லாமல் பூஜையில் உட்காரலாமா? ஒரே ஒரு மாநிலத்தில், ஒரே ஒரு நாளில், பல்லாயிரம் சீடர்கள் குருடாவது ஏன் என்று வெளிநாட்டிலிருந்த தயாரிப்பாளர்கள் மூன்று ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து, கடைசியில் கண்ணாடியில் கோளாறு என்று அறிக்கை எழுதினார்கள்.

அந்த வருடம் வரிசையில் சுகந்தியும் வந்தாள். அவள் மகன் முகிலனின் சீடன் புயல், அடுக்ககத்திலேயே முதல் இடம். முதல் இடம் என்பதால் பொட்டும் பெரிய பொட்டு. எட்டணா அளவுக்குச் சந்தனம் காய்ந்து கண்ணை அடைத்திருந்தது.

“அட, நீங்க இங்கதான் வேலையா?” என்றாள் சுகந்தி. “கொஞ்சம் பாத்துத் தொடைங்க. இது சாதாரணச் சீடன் இல்ல.”

“தெரியுமுங்க. சாயங்காலம் வாங்க, பளிச்சுன்னு குடுத்தர்றேன்” என்றாள் பொற்கொடி, சிரித்த முகத்தோடு.

உருண்டையை அன்று காலையிலேயே பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அதன் கண்ணிலும் பொட்டு இருந்ததால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. மதிய உணவுக்கு மற்றவர்கள் எழுந்து போனதும் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சந்தனத்தைச் சுரண்டினாள். குங்குமத்தைப் பஞ்சால் துடைத்தாள். பிறகு பின்மண்டைத் திருகுகளைக் கழற்றி, இடுக்கியால் இரண்டு கிரகிப்பு வில்லைகளையும் எடுத்து இடம் மாற்றி வைத்தாள். படித்த பாடமெல்லாம் உடம்பில் இருக்கும் நினைவறையில் அப்படியே இருக்கும். புத்தி மட்டும் மாறிவிடும். பிடிபட்டால் வேலை போகும், வழக்கும் வரும். அதெல்லாம் தெரிந்துதான் செய்தாள். அவ்வளவு நிம்மதியாக அவள் வேலை செய்து பல மாதம் ஆகியிருந்தது. முத்திரை அரக்கைச் சூடாக்கி ஒட்டியபோது வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

மாலையில் சுகந்தி வந்து வாங்கிக்கொண்டாள். “நல்லாவே தொடைச்சிருக்கீங்க” என்றுகூடச் சொன்னாள்.

அரையாண்டுச் சீடத் தேர்வு மார்கழியில் வந்தது. உருண்டை இரண்டாம் இடம். புயல் நாற்பத்து நான்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், முகிலனும் நறுமுகையும் படிக்கும் வகுப்பில் மொத்தமே நாற்பத்து நான்கு சீடர்கள்தான்.

பொற்கொடி அன்று பாயசம் வைத்தாள். மறுநாள் சங்கக் கூட்டத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். தண்ணீர்த் தொட்டி, வண்டி நிறுத்தம் எல்லாம் பேசி முடிக்கும் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

“ஒரு சின்ன சந்தேகமுங்க. கடைசிப் பத்துச் சீடன் கூடத்துக்குள்ள வரக்கூடாதுன்னு ஒரு விதி இருக்குதுங்களே, அது இன்னும் இருக்குதுங்களா, எடுத்துட்டீங்களா?”

சுகந்தியின் முகம் வெளிறியது. “அது... புயலுக்கு ஏதோ பழுதுங்க. கம்பெனிக்கு எழுதியிருக்கோம்.”

“நானே தொறந்து பாத்தேனுங்களே. பழுது ஒண்ணுமில்ல. மந்தந்தான்.” பொற்கொடி அந்தச் சொல்லை மென்று, ருசித்துச் சொன்னாள். “மத்த புள்ளைங்க வருசம் போயிரக் கூடாது பாருங்க. தப்பா நெனைக்காதீங்க.”

சுகந்தியே எழுந்து போய், தன் கையாலேயே புதுப் பட்டியலை எழுதி, மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டியதாயிற்று. அவள் அதை ஒட்டும்போது பொற்கொடி பின்னால் நின்று, “கொஞ்சம் கோணலா இருக்குதுங்க” என்றாள். கருணை காட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் தங்கள் பிள்ளையைச் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு தடவை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அன்றிலிருந்து முகிலன் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் புயலை வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கினான். முதல் வாரம் அழுதான். இரண்டாம் வாரம் அதை எட்டி உதைத்தான். மூன்றாம் வாரம் வேறு வழியில்லாமல், காந்தத்துக்கு ஏன் இரண்டு முனை என்று கல்லையும் கயிற்றையும் வைத்து அதற்கு விளக்க ஆரம்பித்தான். நறுமுகை சில நாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் சொல்லிக் கொடுப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே விளையாடப் போகச் சொன்னாலும் போக மாட்டாள்.

“அங்க எதுக்கு அம்மிணி போற? நம்ம உருண்டை இப்ப ரெண்டாவது ராங்க்” என்பாள் பொற்கொடி.

“பாடம் முடிஞ்சிருச்சும்மா.”

முடிந்துதான் இருக்கும். முன்பெல்லாம் சாயங்காலம் முழுக்க வீட்டில் ஒரே களேபரமாக இருக்கும். டம்ளர், பருப்பு, குடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கூடத்தில் பரப்பி உருண்டைக்குப் புரியவைப்பாள். இப்போது புத்தகத்தைப் பிரித்து ஒரு தடவை வாசித்தால் போதும். உருண்டை பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்து, நறுமுகை தரையில் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். வீடு சுத்தமாக இருப்பதில் பொற்கொடிக்குச் சந்தோஷம்.

ஆண்டிறுதியில் உருண்டை பள்ளிக்கே முதலாவதாக வந்தது. நிழற்படம் எடுத்து நுழைவாயிலில் மாட்டினார்கள். நடுவில் உருண்டை, ஓரத்தில் நறுமுகை.

பத்து வயது முடிந்தால் சீடனை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சீடர்களோடு வளர்ந்த முதல் தொகுப்புப் பிள்ளைகள் அந்த வருடம்தான் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தார்கள். ஆறாம் வகுப்புக்குச் சீடன் கிடையாது. ஆகவே ஆனி மாதம் பள்ளி திறந்ததும், எல்லாரும் மறந்தே போயிருந்த ஒரு காரியம் நடந்தது. பிள்ளைகளின் கையில் தாளைக் கொடுத்து, பிள்ளைகளிடமே கேள்வி கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மெர்சி டீச்சர் பொற்கொடியைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் நறுமுகையின் விடைத்தாள் இருந்தது.

“இதப் பாருங்கம்மா. பின்னம், நீர்ச்சுழற்சி, நிழல் ஏன் நீளுது... இதுக்கெல்லாம் அவ எழுதியிருக்கறத நான் பத்தாங் கிளாஸ்ல வாசிச்சுக் காட்டுனேன். இப்படி ஒரு புள்ளையான்னு கேட்டாங்க.” பக்கத்தைத் திருப்பினார். “இங்கிருந்து பாருங்க. ஒத்தை வரி. சிலதுக்கு அதுவும் இல்ல. சரஸ்வதி பூஜை லீவுக்கு அப்புறம் நடத்துன பாடம் ஒண்ணுகூட அவ தலையில இல்லம்மா. எல்லாம் சீடன் தலையில போயிருக்கு. வீட்டுல அப்ப ஏதாவது நடந்துச்சா?”

பொற்கொடி இல்லை என்று தலையாட்டினாள்.

“இவளுக்கு மட்டும் இல்ல. வேகமான சீடன் கெடச்ச புள்ளைங்க எல்லாருக்கும் இதே கதிதான். எதையும் விளக்கிச் சொல்ற வேலையே அவங்களுக்கு இல்லாமப் போச்சு. மந்தச் சீடன் வச்சிருந்ததுகதான் இன்னிக்கு மேல வந்திருக்குதுக. அந்த முகிலன் பாருங்க, பூஜை வரைக்கும் சுமார், அதுக்கப்புறம் பிச்சு உதறியிருக்கான்.” டீச்சர் தாளை மடித்தார். “நறுமுகை இன்னொரு வருசம் அஞ்சாவதுலயே இருக்கட்டும்மா. வேற வழி தெரியல.”

சொந்தக் கையாலேயே தன் மகளுடைய மந்த வில்லையை எடுத்து, இடுக்கியில் பிடித்து, எதிரியின் மகனுக்கு வைத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு நடந்து வந்தபோது பொற்கொடிக்கு நெஞ்சு எரிந்தது. யார் மேல் எரிச்சல்படுவது என்று தெரியாததால் எதிரே வந்த வண்டிக்காரனைத் திட்டினாள்.

அடுக்கக வாசலில் சுகந்தி லட்டுத் தட்டோடு நின்றாள். சுற்றிலும் அம்மாக்கள்.

“எல்லாம் சரஸ்வதி கடாட்சமுங்க!” என்றாள் பொற்கொடியைப் பார்த்து. “அன்னிக்குப் பெரிய பொட்டா வச்சேன் பாருங்க, அந்தக் குங்குமம் உள்ள எறங்கித்தான் புயல் மந்தமாச்சு. இல்லாட்டி என்ற பையன் இப்படி வந்திருப்பானுங்களா? உங்களுக்குத்தான் நன்றி சொல்லோணும். நீங்க சுத்தமாத் தொடைச்சிருந்தீங்கன்னா அத்தனையும் போயிருக்குமே!”

“எம் பொண்ணோட சீடனுக்கு இப்பவே கொழச்சு ஊத்தப் போறேன்” என்றாள் ஒருத்தி. “காதுலயும் வைக்கலாமுங்களா?” என்று கேட்டாள் இன்னொருத்தி. பொற்கொடி ஒரு லட்டை வாங்கிக்கொண்டு மேலே வந்தாள்.

வீட்டுக் கூடத்தில் நறுமுகை நோட்டு ஒன்றை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள் என்று கண் சொன்னது. ஆனால் எழுத்து கோணாமல் வரிசையாக இருந்தது.

“என்ன கண்ணு எழுதற?”

“யாரு பண்ணுனாங்கன்னு கண்டுபிடிக்கறேன்.”

“எதை?”

“உருண்டையை மாத்துனதை.” நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். “அதோட புத்தியை எடுத்துப் புயலுக்குள்ள வச்சுட்டாங்கம்மா. எனக்கு அப்பவே தெரியும். முகிலன் என்ன சொன்னாலும் அது, ‘மழை பேஞ்சா என்ன ஆகும்?’னு கேட்டுச்சு. காந்தத்துக்கும் மழை, கணக்குக்கும் மழை. உருண்டை மட்டுந்தாம்மா அப்படிக் கேக்கும். அதனாலதான் தினமும் படிக்கட்டுல போய் உக்காந்தேன்.”

“எங்கிட்ட ஏன் சாமி சொல்லல?”

“நீ ராங்க் வந்த சந்தோசத்துல இருந்த.”

பொற்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் சுகந்தி ஆன்ட்டி, முகிலன், வாட்ச்மேன் மாமா, பழுது நிலையத்து ஆட்கள் என்று பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக ஏன், எப்போது, எப்படி என்று மூன்று கட்டம். அம்மா வேலை பார்ப்பதே அந்த நிலையத்தில்தான் என்பதால் நறுமுகை இனி எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. இரண்டு கட்டம் நிரம்பினால் மூன்றாவது தானாக நிரம்பிவிடும்.

“கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போற?”

“எங்கிட்ட இருந்து எனக்கு ரொம்பப் புடிச்சதை எடுத்துட்டாங்க. அவங்களுக்கு ரொம்பப் புடிச்சது எதுன்னு பாத்து அதை நான் எடுத்துருவேன். சும்மா விட மாட்டேன்.”

பத்து வயதுக் குழந்தை சொன்னதுதான். ஆனால் அதில் விளையாட்டு இல்லை. இதே கணக்கைச் சாதித்துக் காட்டியவளுக்கு அது தெரியாதா? எப்படியும் தெரியத்தான் போகிறது, மற்றவர் வாயால் தெரியக் கூடாது என்று பொற்கொடிக்குத் தோன்றியது. அல்லது தாங்க முடியாமல் வாயில் வந்துவிட்டதோ என்னவோ.

“நாந்தான் அம்மிணி” என்றாள். “உனக்காகத்தான் பண்ணுனேன். உன்னைச் செருப்புக்குப் பக்கத்துல உக்கார வச்சாளே, அவளை...”

நறுமுகை கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் இரண்டுமே செய்யவில்லை. அம்மாவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு அடிமட்டத்தை எடுத்து, பட்டியலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். கடைசியில் ‘அம்மா’ என்று எழுதினாள்.

“உனக்கு ரொம்பப் புடிச்சது எதும்மா?” என்று கேட்டாள்.

பொற்கொடிக்கு விடை தெரியும். அந்த விடை கையில் பேனாவோடு எதிரே உட்கார்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, நறுமுகை கோபப்படாமல் கேள்வியை மாற்றினாள். “உங்கிட்ட இருந்து எது போனா உனக்கு ரொம்ப வலிக்கும்?”

அப்போதும் பதில் வரவில்லை. நறுமுகை அவசரப்படவில்லை, மூன்றாவது விதமாக எப்படிக் கேட்பது என்று யோசிக்கத் தொடங்கினாள்.